திறக்க மறுத்த லென்ஸ் மூடிகள்

லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டு 'கிளிக்' செய்து, படம் கறுப்பாக வந்ததும் அசடு வழிபவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த மூடி கழலாததால் ஒரு நாட்டின் விஞ்ஞானிகளே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்!

வெள்ளிக் கிரகத்தின் தரையில் வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் பூமியைப் போல் 90 மடங்கு. மேலே கந்தக அமில மேகங்கள். அதற்குள் இறங்கும் கலத்தில் கேமராவை அப்படியே வெளியே நீட்ட முடியுமா? சோவியத் பொறியாளர்கள் அதைக் கலத்தின் உள்ளே வைத்து, குவார்ட்ஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கச் செய்தார்கள். அந்த ஜன்னலுக்கும் ஒரு மூடி. தரையைத் தொட்டதும் அது தானாகத் தெறித்து விழ வேண்டும்.

1975 அக்டோபரில் வெனிரா 9, வெனிரா 10 இரண்டும் இறங்கின. வேறொரு கிரகத்தின் தரையிலிருந்து முதன்முதலாகப் படம் அனுப்பிய பெருமை வெனிரா 9-க்குத்தான். ஆனால் இரண்டு கலங்களிலுமே, இருந்த இரண்டு கேமராக்களில் ஒன்றின் மூடி திறக்கவில்லை. சுற்றிலும் 360 டிகிரி பார்க்க வேண்டியது 180 டிகிரியோடு நின்றது.

அதுவாவது பாதி. 1978 டிசம்பரில் போன வெனிரா 11, வெனிரா 12 கலங்களில் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை! கலங்கள் நன்றாகவே இருந்தன. ஒன்று 95 நிமிடம், மற்றது 110 நிமிடம் தரையில் தாக்குப்பிடித்தது. காற்றைப் பற்றிய தகவல்கள் வந்தன. படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. பல கோடி கிலோமீட்டர் தள்ளி யார் போய் மூடியைக் கழற்றுவது?

1982 மார்ச்சில்தான் விடிவு. வெனிரா 13, வெனிரா 14 இரண்டிலும் எல்லா மூடிகளும் ஒழுங்காகக் கழன்றன. வண்ணப் படங்கள் வந்தன. வெனிரா 13 வெறும் 32 நிமிடத்துக்கென்று செய்யப்பட்டது, 127 நிமிடம் உழைத்தது. அதன் படங்களில் கலத்தின் காலடியில் அரைவட்டமாக ஒரு பொருள் கிடக்கும். அதுதான் கழன்று விழுந்த மூடி.

வெனிரா 14-இன் மூடிக்கோ குறும்பு போகவில்லை. மண் எவ்வளவு கெட்டி என்று அழுத்திப் பார்க்க அதில் ஒரு கை இருந்தது. மூடி சரியாக அந்தக் கை இறங்கும் இடத்தில் போய் விழுந்ததாகவும், வெள்ளி மண்ணுக்குப் பதில் சோவியத் மூடியின் கெட்டித்தன்மையைத்தான் அது அளந்தது என்றும் சொல்வார்கள். பாவம்!

2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் கைநுனிக் கேமராவுக்கும் தூசி மூடி உண்டு. ஆனால் அது ஒளி ஊடுருவும் மூடி. இறங்கும்போது கிளம்பிய புழுதி அதன்மேல் படிந்ததால் ஆகஸ்டில் வந்த முதல் படம் மங்கலாக இருந்தது. மங்கலானாலும் படம் வந்தது. செப்டம்பர் 8 அன்று மூடியைத் திறந்தார்கள். உள்ளே லென்ஸ் பளிச்சென்று இருந்தது.