படையாட்சியார் விட்டுச்சென்ற கேள்வி

1952-ஆம் ஆண்டு நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநில சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. அந்தத் தேர்தலில் கடலூரைச் சேர்ந்த எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 பேரவைத் தொகுதிகளையும் 4 மக்களவைத் தொகுதிகளையும் வென்றது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

தென்னார்க்காடு, சேலம் மாவட்டங்களின் வன்னிய உழவர்களே அக்கட்சியின் அடித்தளம். வடார்க்காடு, செங்கல்பட்டு பகுதிகளில் எம்.ஏ. மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களைப் பெற்றது. ராஜாஜியின் அமைச்சரவையில் நாயக்கர் சேர்ந்தார். படையாட்சியார் வெளியே நின்றார். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானபோது நிலைமை மாறியது. எட்டுப் பேர் கொண்ட அந்தச் சிறிய அமைச்சரவையில் படையாட்சியாருக்கு உள்ளாட்சித் துறை கிடைத்தது. உழைப்பாளர் கட்சி காங்கிரஸில் கரைந்தது.

அந்த இணைப்பைப் பதவி ஆசை என்று சுருக்கிவிடுவது நியாயமாகாது என்பது என் கருத்து. அதிகாரத்தின் வாசலையே காணாதிருந்த ஒரு பெரும் உழவர் சமூகத்துக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்தது சிறிய செய்தியன்று. ஆனால், கட்சி கலைந்தபின் பேரம் பேசும் வலிமையும் கலைந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டில் பெரும்பங்கை அப்பட்டியலின் முன்னேறிய பிரிவினரே பெறுகின்றனர் என்ற குறை நீடித்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 16 விழுக்காடு தனியே ஒதுக்க வேண்டும் என்று 1970-இல் சட்டநாதன் ஆணையம் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு மொத்த ஒதுக்கீடு 25-லிருந்து 31 விழுக்காடாக உயர்ந்ததே தவிர, தனிப்பிரிவு உருவாகவில்லை.

படையாட்சியார் 1980-லும் 1984-லும் காங்கிரஸ் வேட்பாளராகத் திண்டிவனம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். அதே திண்டிவனத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ச. இராமதாசு 1980-இல் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். 1987 செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல் நடந்தபோது அத்தொகுதியின் மக்களவை உறுப்பினர் படையாட்சியார்தான். அப்போராட்டத்தில் 21 உயிர்கள் பறிபோயின. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 35 ஆண்டுகளுக்கு முன்பே 19 உறுப்பினர்களைப் பேரவைக்கு அனுப்பிய மக்கள், தம் கோரிக்கைக்காகச் சாலையில் அமர வேண்டியிருந்தது என்பதே இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது.

படையாட்சியார் 1992 ஏப்ரலில் மறைந்தார். அவருக்குக் கடலூரில் மணிமண்டபம் எழுந்தது. உயிர்நீத்த 21 பேருக்கு 2025-இல் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இரு ஆட்சிகள் இரண்டையும் கட்டின. ஆனால், 2021-இல் சட்டமான 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடோ, போதிய தரவுகள் இல்லை என்ற காரணத்தால் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. மண்டபம் கட்டுவதில் காட்டிய அக்கறையைத் தரவு திரட்டுவதில் காட்டியிருந்தால் அந்தச் சட்டத்தின் கதி வேறாக இருந்திருக்கக்கூடும்.

எங்கள் மேல்மலையனூரின் பெயரில் இருந்த சட்டப்பேரவைத் தொகுதியும், படையாட்சியார் வென்ற திண்டிவனம் மக்களவைத் தொகுதியும் 2008 மறுசீரமைப்பில் மறைந்துவிட்டன. தொகுதிகள் மறையலாம், கட்சிகள் கலையலாம். வாக்களித்தவர்களின் கோரிக்கை மறைவதில்லை. தேர்தல்தோறும் கூட்டணி பேசும் சிறிய கட்சிகள் எத்தனை இடங்கள், எந்தத் துறை என்று கேட்கின்றன. எந்தக் கோரிக்கை, எந்தக் காலக்கெடுவுக்குள் என்பதையும் எழுத்தில் பெற்று மக்கள்முன் வைக்க வேண்டும். 1954-இல் அது நிகழ்ந்திருந்தால், 1987-இன் சாலைகள் வேறு கதையைச் சொல்லியிருக்கும்.