அமெரிக்க வட்டார வேளாண் ஆய்வகங்கள்

அமெரிக்க வேளாண் துறை நான்கு வட்டாரங்களில் நிறுவிய ஆய்வகங்கள் இவை. அந்தந்த வட்டாரத்தில் மிஞ்சிப்போகும் விளைபொருளுக்குப் புதிய பயனும் புதிய சந்தையும் கண்டுபிடிப்பதே இவற்றுக்கு இடப்பட்ட பணி. 1938ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் இதற்கென ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் வரை ஒதுக்க வழிசெய்தது.

விளைச்சல் இருந்தும் விலை இல்லாத காலம் அது. 1930களின் பெருமந்தத்தில் மத்திய மேற்கில் சில இடங்களில் மக்காச்சோளம் நிலக்கரியைவிட மலிவாகி, மக்கள் அதையே அடுப்பில் போட்டு எரித்தார்கள். விலையை உயர்த்துவதற்காக 1933இல் அரசே பணம் கொடுத்து, வளர்ந்து நின்ற பருத்தியை உழுது அழிக்கச் செய்தது. ஏறத்தாழ 60 லட்சம் பன்றிக்குட்டிகள் கொல்லப்பட்டன. பசித்தவர்கள் நிறைந்த நாட்டில் இது கொடுமைதான். அழிப்பதைவிட ஆலைக்கு மூலப்பொருளாக்கலாம் என்ற குரல் அப்போது வலுத்தது. நிலக்கடலையையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் வைத்து அலபாமாவில் வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஏற்கெனவே இந்தப் பாதையில் நடந்திருந்தார். 1935இல் இதே நோக்கத்தோடு டியர்பார்ன் நகரில் விவசாயிகள், தொழிலதிபர்கள், அறிவியலாளர்கள் கூடிய மாநாட்டுக்கு ஹென்றி ஃபோர்டு துணைநின்றார்.

விளைபொருள்கள் நான்கு ஆய்வகங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டன. மக்காச்சோளமும் கோதுமையும் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா ஆய்வகத்துக்கு வந்தன. பருத்தி நியூ ஆர்லியன்ஸுக்கும், உருளைக்கிழங்கும் பாலும் பிலடெல்பியா அருகிலுள்ள விண்ட்மூருக்கும், பழங்களும் காய்கறிகளும் கலிபோர்னியாவின் ஆல்பனிக்கும் ஒதுக்கப்பட்டன.

பெரும் பெயர் பெற்றது பியோரியா. 1941 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அறிவியலாளர்கள் ஹோவர்ட் ஃபுளோரியும் நார்மன் ஹீட்லியும் பெனிசிலின் பூஞ்சையோடு அங்கே வந்து சேர்ந்தார்கள். மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளத்தை ஊறவைத்து ஸ்டார்ச் எடுக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஊறல்நீரை ஆய்வகத்தின் அறிவியலாளர் ஆண்ட்ரூ மோயர் பூஞ்சைக்கு உணவாக ஊற்றினார்; விளைச்சல் பல மடங்கு பெருகியது. 1943இல் உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த பூஞ்சை பிடித்த முலாம்பழம் ஒன்று, பெரிய தொட்டிகளில் செழித்து வளரும் வகையைத் தந்தது. 1944இல் நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, காயம்பட்ட வீரர்களுக்குப் போதுமான பெனிசிலின் கையிருப்பில் இருந்தது.

அதே ஆய்வகத்தில் ஆலீன் ஜீன்ஸ் என்ற வேதியியலாளரின் பணி இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது. குழகுழத்துக் கெட்டுப்போன ஒரு குளிர்பானத்தை ஆராய்ந்த அவர், அதிலிருந்த பாக்டீரியா வழியாக டெக்ஸ்ட்ரான் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தார். ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் பிளாஸ்மாவுக்கு மாற்றாக அது கொரியப் போரில் பயன்பட்டது. அடுத்து, முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு மக்காச்சோளச் சர்க்கரையை ஊட்டி, அவரது குழு சாந்தன் பிசினை உருவாக்கியது. 1969இல் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற அது, இன்று சாஸிலும் ஐஸ்கிரீமிலும் நாம் அறியாமலே நம் நாவில் படுகிறது.

நியூ ஆர்லியன்ஸுக்கு நெருக்கடி வேறு: இஸ்திரி வேண்டாத நைலானும் பாலியெஸ்டரும் பருத்தியின் சந்தையைப் பிடுங்கின. அங்கிருந்த வேதியியலாளர் ரூத் பெனெரிடோவும் அவருடன் உழைத்தவர்களும் பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று பிணைத்துச் சுருங்காத துணியை மேம்படுத்தினார்கள். விண்ட்மூர் 1950களில் உருளைக்கிழங்கை நீராவி உருளையில் உலர்த்தி, வெந்நீர் ஊற்றினால் மசியலாகும் செதில்களாக்கியது.

எல்லாம் பலித்துவிடவில்லை. போர்க்காலத்தில் தாவர எண்ணெயிலிருந்து பியோரியா தயாரித்த ரப்பர் மாற்று, செயற்கை ரப்பர் பெருகியதும் மறைந்தது. மிகை விளைச்சலும் தீரவில்லை. பெனிசிலினுக்குத் தேவைப்பட்டது தானியமல்ல, அதன் கழிவுநீர். மிஞ்சிய தானியத்தைச் செலவழிக்க அமைத்த ஆய்வகம் உயிர்காக்கும் மருந்தைப் பெருக்கியதையே இத்திட்டத்தின் முதன்மைச் சாதனையாகக் கொள்ள வேண்டும்.

போருக்குப் பின்னும் நான்கு ஆய்வகங்களும் தொடர்ந்து இயங்கின. பியோரியாவின் சேகரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் நுண்ணுயிர் வகைகள் பாதுகாக்கப்பட்டு, ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகின்றன.