ஓரெழுத்தும் ஈரெழுத்தும்: தனிமக் குறியீடுகள் உருவான வரலாறு

தங்கத்துக்குக் குறியீடு ஏ-யு என்று பள்ளி மாணவன் மனப்பாடம் செய்கிறான். தங்கம் என்ற தமிழ்ச் சொல்லிலும் அந்த எழுத்துகள் இல்லை, கோல்டு என்ற ஆங்கிலச் சொல்லிலும் இல்லை. கேட்டால், அவ்ரம் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். குறியீடு என்பது தனிமப் பெயரின் சுருக்கம் என்று பாடநூல்கள் தரும் விளக்கம் பாதிதான் சரி. பெயரைச் சுருக்கும் விதி ஒன்று 1813–14இல் வகுக்கப்பட்டது உண்மை. ஆனால் இன்றைய அட்டவணையில் நிற்கும் பல குறியீடுகள் அந்த விதியால் வந்தவை அல்ல. அச்சகத்தின் வசதியும் நாடுகளின் பிடிவாதமும் பழைய புழக்கமும் விதியை வளைத்ததால் வந்தவை. (ரோமன் எழுத்துகளை வாயால் சொல்கிறபடியே இங்கு எழுதியிருக்கிறேன். அதில் உள்ள சிக்கலைப் பின்னால் பார்ப்போம்.)

எழுத்துக்கு முன்னால் இருந்தது படம். ஐரோப்பிய ரசவாதிகள் ஏழு உலோகங்களை ஏழு கோள்களோடு பொருத்தினார்கள். ஞாயிறு தங்கம், திங்கள் வெள்ளி, செவ்வாய் இரும்பு, புதன் பாதரசம், வியாழன் வெள்ளீயம், வெள்ளி என்னும் கோள் செம்பு, சனி காரீயம். கோளுக்குரிய சின்னமே உலோகத்துக்கும் சின்னமாயிற்று. உயிரியலில் ஆணையும் பெண்ணையும் குறிக்கும் சின்னங்கள் செவ்வாய், வெள்ளி ஆகிய கோள்களுக்கு உரியவை; வேதியியல் கணக்கில் அவை இரும்பும் செம்பும். 1718இல் பாரிசில் எத்தியேன் பிரான்சுவா ஜெஃப்ராய், எந்தப் பொருள் எதோடு எளிதில் சேரும் என்பதைப் பதினாறு பத்திகளில் காட்டும் அட்டவணை ஒன்றை வெளியிட்டபோதும் இத்தகைய சின்னங்களையே பயன்படுத்தினார்.

படத்துக்குள் எழுத்து நுழைந்தது 1787இல். லவாசியே, கித்தோன் தெ மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்குருவா ஆகிய நால்வரும் வேதியியலுக்குப் புதிய பெயரிடும் முறையை வெளியிட்டார்கள். அந்நூலிலேயே ஹசன்ஃபிராட்ஸ், அதெ என்னும் இருவர் ஒரு குறியீட்டு முறையைச் சேர்த்தார்கள். அதில் உலோகம் என்றால் வட்டம், எந்த உலோகம் என்பதற்கு வட்டத்துக்குள் லத்தீன் பெயரின் முதலெழுத்து. இன்றைய முறையின் விதை இங்கேயே விழுந்துவிட்டது என்பேன். பெயரிடும் முறை ஐரோப்பா முழுவதும் பரவியது. கூடவே வந்த குறியீடுகள் பரவவில்லை.

அடுத்து வந்தவர் ஜான் டால்டன். 1808இல் வெளிவந்த அவருடைய நூலின் படத்தாளில் இருபது தனிமங்கள் வட்டங்களாக நிற்கின்றன. வெற்று வட்டம் ஆக்சிஜன், நடுவில் புள்ளி வைத்தது ஹைட்ரஜன், முழுக்கக் கறுப்பு பூசியது கார்பன். ஒரு புள்ளி வட்டத்தையும் ஒரு வெற்று வட்டத்தையும் ஒட்டி வரைந்தால் நீர். நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றுதான் என்று அவர் நம்பினார். செம்பு, இரும்பு போன்றவற்றுக்கு வட்டத்துக்குள் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. வட்டம் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு ஒவ்வொரு வட்டமும் ஓர் அணு. அணுக்கள் எப்படி அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன என்பதையே அவர் வரைந்துகொண்டிருந்தார்.

ஸ்டாக்ஹோமில் இருந்த வேதியியலாளர் பெர்சிலியசுக்குத் தேவை வேறு. ஆயிரக்கணக்கில் சேர்மங்களைப் பகுத்து எடை கண்ட மனிதர் அவர். எதில் எது எத்தனை பங்கு என்பதைச் சட்டென்று எழுதி வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. லண்டனிலிருந்து தாமஸ் தாம்சன் நடத்திய தத்துவ ஆண்டேடு என்னும் இதழில் 1813–14இல் வந்த கட்டுரைத் தொடரில் தன் முறையை விளக்கினார். அதற்கு அவர் சொன்ன காரணம் தத்துவம் எதுவுமல்ல: எழுத்து எழுத எளிது, அச்சிட்ட புத்தகத்தின் அழகைக் கெடுக்காது. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் ஏற்கனவே கிடக்கும் ஈய எழுத்துகளே போதும். வட்டத்துக்கென்று தனி அச்சு வெட்ட வேண்டாம்.

விதி இதுதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் லத்தீன் பெயரின் முதலெழுத்து. கார்பன், கந்தகம் போன்ற அலோகங்களுக்கு, ஏதேனும் ஓர் உலோகத்தோடு மோதினாலும் ஓரெழுத்தே. மோதும் உலோகத்துக்கு முதல் இரண்டு எழுத்துகள். அந்த இரண்டும் ஒத்துவிட்டால், முதலெழுத்தோடு பெயரில் வேறுபடும் முதல் மெய்யெழுத்து. கந்தகம் எஸ், சிலிக்கான் எஸ்-ஐ, கார்பன் சி, கோபால்ட் சி-ஓ, செம்பு சி-யு. லத்தீனைத் தேர்ந்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது. அது அப்போது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி. ஸ்வீடனின் பெயர் பெரிதா இங்கிலாந்தின் பெயர் பெரிதா என்ற சண்டைக்கு இடமில்லை.

விதியை வகுத்தவரே அதைச் சரியாகப் பின்பற்றவில்லை. ஆன்டிமனியின் லத்தீன் பெயர் ஸ்டிபியம், வெள்ளீயத்தின் பெயர் ஸ்டானம். முதல் இரண்டு எழுத்துகளும் ஒன்றே. விதிப்படி ஒன்று எஸ்-பி, மற்றொன்று எஸ்-என் ஆக வேண்டும். பெர்சிலியஸ் தந்த எடுத்துக்காட்டிலோ வெள்ளீயம் எஸ்-என் என்றும் ஆன்டிமனி எஸ்-டி என்றும் இருக்கின்றன. எஸ்-பி பின்னர்தான் நிலைத்தது. சோடியத்துக்கு எஸ்-ஓ என்றும் பொட்டாசியத்துக்குப் பி-ஓ என்றும் தொடங்கியவர், பிறகு நேட்ரியம், காலியம் என்ற பெயர்களுக்குத் தாவி என்-ஏ, கே என்று மாற்றினார். நம் மாணவர்களை இன்றுவரை தடுக்கி விழச் செய்யும் இரண்டு குறியீடுகள் பிறந்த கதை இதுதான்.

எளிமையை வேண்டிய பெர்சிலியசே எளிமையைக் கெடுக்கவும் செய்தார். ஆக்சிஜன் எங்கும் வருகிறதே, ஒவ்வொரு முறையும் எழுதுவானேன் என்று, தனிம எழுத்தின் தலையில் புள்ளி வைத்தார். ஒரு புள்ளிக்கு ஓர் ஆக்சிஜன் அணு. கந்தகத்தின் மேல் மூன்று புள்ளி வைத்தால் அது மூன்று ஆக்சிஜன் சேர்ந்த கந்தகம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ஆனால் ரோமன் அச்சகங்களுக்குப் புள்ளி வைத்த எழுத்துகளைப் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. இரட்டை அணுவைக் காட்ட எழுத்தின் குறுக்கே ஒரு கோடும் போட்டார். புள்ளியும் கோடும் காலப்போக்கில் உதிர்ந்தன, எழுத்து மட்டும் தங்கியது. எழுத்தின் வலப்பக்கம் மேலே எழுதிவந்த எண்ணிக்கையையும் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1834இல் கீழே இறக்கினார்.

டால்டன் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. 1837இல் எழுதிய கடிதம் ஒன்றில், பெர்சிலியசின் குறியீடுகளைக் கற்பதற்கு மாணவன் ஹீப்ரு மொழியைக் கற்றுவிடலாம் என்ற பொருள்பட எரிச்சலோடு சொன்னார். அவர் பக்கம் நியாயம் உண்டு: எழுத்து வந்ததும் அணுக்களின் அமைப்பு தாளிலிருந்து மறைந்துவிட்டது. அமைப்பு வாய்பாடுகள் வந்து அந்த இழப்பை ஈடுகட்ட இன்னும் சில பதிற்றாண்டுகள் ஆயின.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டின் மேல்தான் இம்முறை முழுக்க நிற்கிறது. சி பெரியதாகவும் ஓ சிறியதாகவும் இருந்தால் கோபால்ட்; இரண்டும் பெரியவை என்றால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு. தமிழெழுத்தில் பெரியது சிறியது கிடையாது. போதாக்குறைக்கு, போரானுக்கும் பாஸ்பரசுக்கும் நமக்குப் பி ஒன்றே. காரீயம் பி-பி ஆகிவிடும். தமிழ்நாட்டில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்றும் இலங்கையில் ஐதரசன், ஒட்சிசன் என்றும் பெயர்கள் பிரிந்து போனாலும், இரு நாட்டுப் பாடநூல்களிலும் குறியீடு மட்டும் ரோமன் எழுத்திலேயே இருப்பதற்கு இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

லத்தீனின் நடுநிலை நாடுகளின் பற்றை முழுக்க அடக்கிவிடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நைட்ரஜனை அசோத் என்று அழைத்து ஏ-இசட் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். ஜெர்மனியில் அயோடின் ஜே. மெண்டலீவின் 1869ஆம் ஆண்டு அட்டவணையிலும் அது ஜேதான். நயோபியத்தை அமெரிக்கர்கள் கொலம்பியம் என்று கொண்டு சி-பி (போரானின் பி) என்று எழுதினார்கள். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1949இல் இந்த வழக்கைத் தீர்த்தது. டங்ஸ்டனுக்கு டபிள்யூ நின்றது. வுல்ஃப்ரம் என்ற பெயரை ஒன்றியம் 2005இல் தன் விதிநூலிலிருந்து நீக்கியபோது, அத்தனிமத்தைப் பிரித்தெடுத்த எல்ஹூயார் சகோதரர்களின் நாடான ஸ்பெயினின் வேதியியலாளர்கள் எதிர்த்தார்கள். பெயர் போயிற்று, எழுத்து போகவில்லை. 1957இல் ஆர்கானின் ஏ என்ற ஓரெழுத்து ஏ-ஆர் ஆயிற்று. மெண்டலீவியத்தின் எம்-வி எம்-டி ஆயிற்று.

சில சமயம் வேடிக்கையும் விதியாகிவிடும். புளூட்டோனியத்துக்குப் பி-எல் என்பதே இயல்பு. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கிளென் சீபோர்க் பி-யு என்று வைத்தார். துர்நாற்றம் கண்டால் அமெரிக்கக் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வது அது. யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று எதிர்பார்த்தார், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

இன்று கண்டுபிடித்தவர்கள் பெயரையும் குறியீட்டையும் முன்மொழிய, ஒன்றியம் ஐந்து மாதம் பொதுப் பார்வைக்கு வைத்து முடிவெடுக்கிறது. 112ஆம் தனிமத்துக்கு ஜெர்மன் குழு 2009இல் கோப்பர்நிசியம் என்ற பெயரையும் சி-பி (இங்கே பாஸ்பரசின் பி) என்ற குறியீட்டையும் கேட்டது. பெயர் கிடைத்தது, குறியீடு கிடைக்கவில்லை. லுட்டீசியத்தை ஜெர்மானியர்கள் ஒரு காலத்தில் கசியோப்பியம் என்று அழைத்து இதே சி-பியைச் சூட்டியிருந்தார்கள். கரிம உலோக வேதியியலிலும் சைக்ளோபென்டாடையீனைல் தொகுதிக்கு அதே எழுத்துகள். 2010 பிப்ரவரி 19, கோப்பர்நிக்கசின் பிறந்தநாளில், சி-என் என்று அறிவிக்கப்பட்டது.

பெயர் வராத தனிமத்துக்கு 1978இல் ஒரு தற்காலிக ஏற்பாடு வகுக்கப்பட்டது: அணு எண்ணின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வேர்ச்சொல், மொத்தம் மூன்றெழுத்து. 104ஆம் தனிமத்துக்குச் சோவியத் தரப்பு கே-யு என்றும் அமெரிக்கத் தரப்பு ஆர்-எஃப் என்றும் எழுதிக்கொண்டிருந்தபோது, யு-என்-க்யூ என்பது எத்தரப்பும் சாராத எழுத்தாக நின்றது. அட்டவணையில் க்யூ இடம்பெற்றது இந்தத் தற்காலிகக் குறியீடுகளால் மட்டுமே. 114ஆம் தனிமம் 2012இல் ஃபிளெரோவியம் ஆனதும் க்யூவும் வெளியேறியது. அயோடினின் ஜே அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. இப்போது அட்டவணையில் இடமில்லாதவை இந்த இரண்டு எழுத்துகள்தான். 124ஆம் தனிமத்தை யாராவது உருவாக்கினால், பெயர் முடிவாகும்வரை அது யு-பி-க்யூ.