எல்லை வழக்கில் பாம்புப் பெயர்கள்: நீர்க்கோலியும் விரியனும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. அதனை அடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம், பாறசாலை உள்ளிட்ட சிற்றூர்களுடன் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை பிரிந்தாலும் இருபுறத்து வயல்களும் குளங்களும் அவற்றில் வாழும் பாம்புகளும் ஒன்றே. பாம்புகளின் பெயர்களோ முழுதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் உயிர்ச்சிக்கலாக மாறுவதை இக்கட்டுரை சுட்ட முற்படுகிறது.

நீர்க்கோலி என்பது தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான பெயர். நஞ்சற்ற இப்பாம்பு சினங்கொண்டால் கழுத்தைத் தட்டையாக்கி நல்ல பாம்பினைப் போலத் தோன்றும். கண்ணின் கீழே சாய்ந்து செல்லும் இரு கருங்கோடுகளும், நடுவில் மேடிட்ட சொரசொரப்பான செதில்களும் இதன் அடையாளங்கள். நல்ல பாம்பின் செதில்கள் வழவழப்பானவை. பாட்ரிக் ரசல் 1796இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய நூலில், இதன் படத்தை 'நீலி கோயா' என்னும் உள்நாட்டுப் பெயருடன் தந்தார். அதனைச் சான்றாகக் கொண்டு ஷ்னைடர் 1799இல் 'மீன் பிடிப்பவன்' எனப் பொருள்படும் 'பிஸ்கேட்டர்' என்னும் இலத்தீன் பெயரை இட்டார். நீர்க்கோலி என்பது வாழிடத்தையும் பிஸ்கேட்டர் என்பது தொழிலையும் சுட்டுவன. உடலடையாளத்தைச் சுட்டுவன அல்ல. நல்ல பாம்பும் நீந்தும் ஆதலின், நீரில் கண்டதெல்லாம் நீர்க்கோலி ஆகாது.

விரியன் என்னும் சொல்லில் சிக்கல் மிகுதி. தமிழ் வழக்கு கண்ணாடி விரியனையும் கட்டு விரியனையும் ஒரே சொல்லில் அடக்குகிறது. மலையாளம் முன்னதை அணலி என்றும் பின்னதை வெள்ளிக்கெட்டன் என்றும் வேறுபடுத்துகிறது. முன்னதன் நஞ்சு குருதி உறைதலைக் கெடுப்பது. பின்னதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. கட்டு விரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றுவதில்லை. எனவே அணலியின் அறிகுறிகளைக் கூறும் மலையாள அறிவிப்பினை 'விரியன் கடி' என்று மட்டும் பெயர்த்தால், வீக்கமில்லாக் கடியைத் தமிழ் வாசகர் நஞ்சற்றதெனக் கொள்ள நேரும்.

நீர்க்கோலி கடித்தாலும் இரவுணவு தடைப்படும் என்பது மலையாளப் பழமொழி. எளியவராலும் இடையூறு நேரலாம் என்பதே அதன் வழக்குப் பொருள். எனினும், கடித்தது நஞ்சற்ற பாம்பாயினும் கடிபட்டவர்க்கு உணவு விலக்கிய பழைய எச்சரிக்கை அதில் பொதிந்துள்ளது. இன்றைய மருத்துவமும் பாம்பின் பெயரை ஆராய்ந்து காலந்தாழ்த்தாமல் மருத்துவமனை செல்லவே வலியுறுத்துகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிற்கும் இந்தியாவில் தரப்படும் முறிமருந்து ஒன்றே. ஆகவே, மொழிபெயர்ப்பாளர் பெயருடன் அடையாளத்தையும் எச்சரிக்கையையும் சேர்த்தே பெயர்த்தல் வேண்டும்.