17 தோல்வி, 26 தோல்வி: ஜெரி ஃபவுஸ்ட்டின் கதை

இன்னிக்கு ஒரு ஃபுட்பால் கோச்சோட கதை. நாம தெருவுல ஆடுற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால்.

ஜெரி ஃபவுஸ்ட், ஒஹாயோ மாநிலத்துல இருக்கிற டேட்டன் நகரத்துக்காரர். 1960-களின் தொடக்கத்துல, சின்சினாட்டியில் புதுசா ஆரம்பிச்ச மோலர் என்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளிக்கு கோச்சா வந்தார். அங்கே ஃபுட்பால் அணியை அடியிலிருந்து கட்டினவரே அவர்தான்.

1963-லிருந்து 1980 வரை 18 சீசன். அதுல 174 வெற்றி, 17 தோல்வி, 2 டிரா. அதாவது, வருஷத்துக்கு ஒரு தோல்விகூட முழுசா வரலை. ஒஹாயோ மாநில சாம்பியன் பட்டம் 5 தடவை. பள்ளிகளுக்கு நாடு முழுக்க ஒரே போட்டி கிடையாது. தரவரிசைப் பட்டியல்களை வச்சுத்தான் 'தேசிய சாம்பியன்'னு சொல்வாங்க. அந்தப் பெயரும் 4 தடவை கிடைச்சது.

ஆனா அவர் மனசு முழுக்க வேற ஒரு இடம். இண்டியானாவில் இருக்கிற நோட்டர் டேம் பல்கலைக்கழகம். அதுவும் கத்தோலிக்க நிறுவனம். ஃபவுஸ்ட்டோ தீவிர பக்தர். அவர் வளர்த்த பசங்க பலர் அங்கே போய் ஆடினாங்க. க்நூட் ராக்னி, ஆரா பார்சீகியன் மாதிரி ஜாம்பவான்கள் இருந்த அந்தப் பதவி 1980 நவம்பர்ல நேரா இந்தப் பள்ளி கோச்சைத் தேடி வந்தது. பத்திரிகைகள் இதைத் 'துணிச்சலான சோதனை'ன்னு எழுதின.

1981 செப்டம்பர். முதல் மேட்ச்ல லூசியானா ஸ்டேட் அணியை 27-9 என ஜெயிச்சாங்க. உடனே தேசியத் தரவரிசையில் முதலிடம்! அடுத்த வாரமே மிஷிகனிடம் 25-7 தோல்வி. சீசன் முடியும்போது 5 வெற்றி, 6 தோல்வி. ஜெயிச்சதைவிட அதிகமா தோத்த சீசன், 1963-க்குப் பிறகு நோட்டர் டேமுக்கு அதுதான் முதல் தடவை.

ஏன் இப்படி? பள்ளி அளவுல, நல்லாப் பழக்கின ஓர் அணி வாராவாரம் தன்னைவிட பலவீனமான அணிகளைச் சந்திக்கும். கல்லூரியில் எதிர்ல நிக்கிற ஒவ்வொருத்தனும் அவனவன் பள்ளியில ஹீரோவா இருந்தவன். அந்த அணிகளை நடத்துறவங்களும் அந்த மட்டத்துலயே பல வருஷம் ஊறினவங்க. ஃபவுஸ்ட் அந்தப் பாடத்தை நாட்டிலேயே அதிகமா கவனிக்கப்பட்ட மைதானங்கள்ல ஒன்றில், எல்லார் கண் முன்னாலயும் கத்துக்க வேண்டி வந்தது.

'அவுஸ்ட் ஃபவுஸ்ட்'னு ரசிகர்கள் கோஷம் போட்டாங்க. ஃபவுஸ்ட்டை விரட்டுங்கன்னு அர்த்தம். ஆனாலும் பல்கலைக்கழகம் 5 வருஷ ஒப்பந்தத்தை மதிச்சது. 1985 கடைசி மேட்சுக்கு முன்னாலேயே அவர் ராஜினாமாவை அறிவிச்சார். அந்த மேட்ச்ல மயாமி அணி 58-7 என நொறுக்கியது. மொத்தக் கணக்கு: 30 வெற்றி, 26 தோல்வி, 1 டிரா. வேற பல கல்லூரிகள்ல இது பரவாயில்லைங்கிற கணக்கு. நோட்டர் டேம்ல இதுக்குப் பேரு தோல்வி. அவருக்கு அடுத்து வந்த லூ ஹோல்ட்ஸ் 1988-லேயே தேசிய சாம்பியன் பட்டம் வாங்கினார்.

அதுக்கப்புறம் ஃபவுஸ்ட் ஒஹாயோவுக்கே திரும்பி, ஆக்ரன் பல்கலைக்கழகத்துல 9 சீசன் கோச்சா இருந்தார். அங்கேயும் வெற்றியைவிட தோல்விதான் அதிகம்: 43-க்கு 53.

எனக்குப் பிடிச்சது இதுதான். தன்னை விரட்டச் சொன்ன இடத்தைப் பத்தி அவர் கசப்பா பேசலை. நோட்டர் டேம்ல தனக்கு 26 நாள்தான் மோசமான நாள், அது நாங்க தோத்த நாட்கள்னு சொல்வார். மத்த நாளெல்லாம் சின்ன வயசுல கனவு கண்ட இடத்துல வேலை பார்த்த நாட்கள். 2024 நவம்பர்ல, 89 வயசுல காலமாகிற வரைக்கும் அவர் நோட்டர் டேம் ரசிகராவே இருந்தார்.

உங்க கனவு வேலை கிடைச்சு, அது உங்களுக்குச் சரியா வரலைன்னா, அந்தக் கனவையே வெறுத்துடுவீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.