பிரித்தானிய வரித் தீர்ப்பாயத்தில் வழக்குச் செலவு

ஐக்கிய இராச்சியத்தில் வரி மேல்முறையீடுகளை முதலில் விசாரிப்பது முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் வரிப் பிரிவு. அங்கே வென்றாலும் தோற்றாலும் அவரவர் வழக்குச் செலவு அவரவருக்கே. தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் சேர்த்துக் கட்டும் உரிமையியல் நீதிமன்ற வழக்கம் இங்கே செல்லாது. வரித்துறையை எதிர்க்கும் சிறு வணிகர், தோற்றால் அரசு வழக்கறிஞரின் கட்டணமும் தலையில் விழுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சில நூறு பவுன் அபராதத்தை எதிர்த்து வென்றவர் கணக்காளருக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தால், அந்தப் பணம் திரும்பாது, ஜெயித்தும் நட்டம்தான்.

2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளில் 10ஆம் விதி இதற்கு விலக்குகளைச் சொல்கிறது. வழக்கைத் தொடுத்ததிலோ நடத்தியதிலோ ஒரு தரப்பு நியாயமின்றி நடந்திருந்தால் செலவுத்தொகை விதிக்கலாம். வாதம் தோற்றது என்பதற்காக மட்டும் நடத்தை நியாயமற்றதாகிவிடாது. கடைசி நேரத்தில் வழக்கைக் கைவிட்டவர் விஷயத்தில், ஏன் கைவிட்டார், முன்பே கைவிட்டிருக்க முடியுமா, அப்படிச் செய்யாதது நியாயமா என்ற மூன்று கேள்விகளை மேல்நிலைத் தீர்ப்பாயம் 2014இல் வகுத்தது. ஒரு தரப்புக்காக வாதாடியவரின் தவறான நடத்தையால் வீணான செலவை அவரிடமே வசூலிக்கவும் வழியுண்டு.

மிகவும் சுவையானது மூன்றாவது விலக்கு. நீண்ட சாட்சியம், முக்கியமான சட்டப் பிரச்சினை, பெருந்தொகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வழக்கு ‘சிக்கலானது’ என வகைப்படுத்தப்படலாம். அப்போது தோற்றவர் செலவைச் சுமக்க நேரலாம். வேண்டாமென்றால், வகைப்படுத்திய அறிவிப்பு கிடைத்த 28 நாட்களுக்குள் வரி செலுத்துபவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். வரித்துறைக்கு இந்த உரிமை கிடையாது. விலகியவர் வென்றாலும் இந்த வழியில் செலவைக் கேட்க முடியாது என்பதால், ஆவணங்கள் முழுதாகக் கைக்கு வருமுன்பே வெற்றி வாய்ப்பை எடைபோட வேண்டியிருக்கிறது.

2009க்கு முன் மதிப்புக் கூட்டு வரித் தீர்ப்பாயம் செலவுத்தொகை விதிக்க முடிந்தது. எனினும், தோற்ற மேல்முறையீட்டாளரிடம் பொதுவாகச் செலவு கேட்பதில்லை என 1978இல் நிதித்துறை அமைச்சர் ராபர்ட் ஷெல்டன் நாடாளுமன்றத்தில் உறுதியளித்திருந்தார்.

இன்றைய விதிகளின்படி, செலவு கோரும் மனுவைத் தீர்ப்பு அனுப்பப்பட்ட 28 நாட்களுக்குள் தர வேண்டும். கட்ட வேண்டியவரின் தரப்பைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது. அவர் தனிநபரானால் பொருளாதார வசதியையும் பார்க்க வேண்டும். மேல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு வழக்குப் போனால் கதை வேறு: அங்கே பொதுவாகத் தோற்றவரே கட்டுகிறார், கீழே எழுதிக் கொடுத்த விலகல் அங்கே காப்பாற்றாது.