நடமாடும் கல்லுடைக்கும் இயந்திரம்

நடமாடும் கல்லுடைக்கும் இயந்திரம், பாறைத் துண்டுகளை அவை கிடக்கும் இடத்திலேயே ஜல்லியாக்கித் தருவது. பேச்சு வழக்கில் இதை மொபைல் கிரஷர் என்பர். நிலையான கிரஷருக்குக் கல்லை லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டும். இங்கே இயந்திரமே கல்லைத் தேடி வருகிறது. சிலவற்றை டயர்களின் மேல் இழுத்துச் செல்வார்கள். மற்றவை பொக்லைனைப் போலச் சங்கிலித் தடங்களில் தாமே ஊர்ந்து செல்லும்.

உடைக்கும் உறுப்பு பெரும்பாலும் தாடை கிரஷர்தான். சாலைக்குக் கல்லைச் சம்மட்டியால் உடைத்துவந்த காலத்தில், அமெரிக்காவின் எலி விட்னி பிளேக் 1858இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய அடிப்படை வடிவம் இன்றும் மாறவில்லை. ஒரு தாடை அசையாது நிற்கும். மற்றொன்று அதை நெருங்கி விலகும். இரண்டும் சேர்ந்து மேலே அகன்றும் கீழே குறுகியும் ஓர் ஆப்பு வடிவ இடைவெளியை உண்டாக்குகின்றன. மையம் விலகிய தண்டு சுழலும்போது அசையும் தாடை கல்லை அழுத்துகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கருங்கல் வலிமையானது. இழுவிசையைத் தாங்குவதில் மிகப் பலவீனமானது. இருபுறமும் நெருக்கப்படும் கல்லின் உள்ளே இழுவிசை தோன்றி விரிசல் ஓடுவதால் அது பிளக்கிறது. தாடை விலகும்போது துண்டுகள் கீழிறங்கி மறுபடி நசுங்கும். அடிவாய் இடைவெளியை விடச் சிறுத்தவை வெளியேறும். அந்த இடைவெளியை மாற்றினால் ஜல்லியின் அளவும் மாறும். கல்லை நெருக்கும் நொடியில் தேவைப்படும் பெரும் ஆற்றலைக் கனமான ஃபிளைவீல்கள் சேமித்துத் தருகின்றன.

தாடைத் தகடுகள் மாங்கனீசு எஃகால் ஆனவை. ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டறிந்த இந்த உலோகம் அடிபட அடிபட மேற்பரப்பில் கடினமாகும். ஆயினும் கருங்கல் அதையும் தேய்த்துவிடும். தகடுகளை அவ்வப்போது திருப்பிப் போட்டுப் பிறகு மாற்ற வேண்டும்.

பொக்லைன் கொட்டும் கல் முதலில் தொட்டியில் விழும். அதிரும் ஊட்டி அதைத் தாடைக்குத் தள்ளும்போது, மண்ணும் பொடிக்கல்லும் ஊட்டியின் கம்பிகளுக்கு இடையே உதிர்ந்துவிடும். உடைந்த கல்லைக் கன்வேயர் பெல்ட் வெளியே குவிக்கும். டீசல் எஞ்சின் இவற்றை ஹைட்ராலிக் முறையிலோ மின்னாக்கி வழியாகவோ இயக்குகிறது. பழைய கான்கிரீட்டை உடைக்கும்போது பெல்ட்டின் மேலுள்ள காந்தம் இரும்புக் கம்பிகளைப் பிரித்தெடுக்கும்.

தாடை மட்டும் தரும் ஜல்லியில் தட்டைக்கற்கள் மிகுதி. கட்டுமானத்துக்குத் தரமான ஜல்லி வேண்டுமானால் கூம்பு அல்லது மோதல் கிரஷரும், அதிரும் சல்லடையும் அடுத்த வண்டிகளாகத் தொடர வேண்டும். சல்லடையில் நின்ற பெரிய கல் மீண்டும் உடைப்புக்குத் திரும்பும்.

கல் உடையும்போது எழும் சிலிக்கா கலந்த நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். வந்த பின் அந்த நோயைக் குணப்படுத்த முடியாது. அதனால் தாடையின் வாயிலும் பெல்ட்டின் நுனியிலும் நீரைத் தூவிக்கொண்டே இயக்குவது கட்டாயம்.